மேற்குப் பாதி

ஜனவரி 17

பொங்கல் முடிந்து மன்னார்குடிக்குத் திரும்பியாகிவிட்டது. அறையைத் திறந்தால், போன மாதம் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை எலி பொறுப்பாக முடித்து வைத்திருந்தது. பெருக்கி, துணியை ஊறப்போட்டுவிட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினேன். விதை வந்துவிட்டது. இந்த ஆண்டு என் பொறுப்பில் இருப்பது ஒரே ஓர் உளுந்துச் செயல்விளக்கத் திடல். எங்கள் திட்டத் தலைவர் கோதண்டபாணி சார் அதைத்தான் ஊருக்கெல்லாம் காட்டப்போகிறார். என் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது என்பதை அவர் எனக்கு நினைவூட்டவில்லை. நினைவூட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

நான் நாமக்கல்காரன். இந்தப் பக்கத்து உளுந்து வழக்கம் எனக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது. சம்பா நெல் அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். நெல்லை அறுத்த பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடும். தெளித்தவர்கள் அதன்பிறகு அறுவடைக்குத்தான் வயல் பக்கம் வருகிறார்கள் என்று எங்கள் திட்ட அறிக்கை சொல்கிறது. ஆகவே ஒரு வயலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியில் எங்கள் முறை: புது ரகம், விதை நேர்த்தி, வேப்பெண்ணெய், பூக்கும்போது டி.ஏ.பி. உரக் கரைசல், மஞ்சள் தேமல் நோய் கண்ட செடியை உடனே பிடுங்குவது. மறுபாதிக்கு அறிக்கையில் 'விவசாயி முறை' என்று பெயர். தெளித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது.

வயல் கொத்தங்காட்டில், தார்ச்சாலையை ஒட்டினாற்போல் இருக்கிறது. உழுகிறவர் தனபாக்கியம். ஊரில் பாக்கியம், எனக்குப் பாக்கியம் அக்கா. கணவர் திருப்பூரில் ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் நர்சிங் படிக்கிறாள். அந்தப் பெண் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடத்திலிருந்து அக்கா இந்த ஆறு மாவைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருக்கிறார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். நிலம் அம்பலவாணன் என்பவருடையது, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறார். சொந்த டிராக்டர் வைத்திருக்கும் பன்னீர் என்பவர் அந்த நிலத்தைத் தனக்குக் குத்தகைக்கு விடும்படி அவரை நச்சரிக்கிறாராம். அம்பலவாணன் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

இதையெல்லாம் அக்காவே சொன்னார். திடலுக்கு ஒப்புக்கொண்டதும் அதற்காகத்தானாம். "ஆபீசருங்க வந்து போற வயலுன்னு தெரிஞ்சா ஐயா கொஞ்சம் யோசிப்பாரு தம்பி. இந்த நெலம் கைய விட்டுப் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

கண்டிப்பாக யோசிப்பார் அக்கா என்றேன். அம்பலவாணனை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஜனவரி 24

தெளிப்பு. வயலின் நடுவில் ஏற்கெனவே ஒரு வரப்பு ஓடுவதால் பிரிப்பது சுலபமாகிவிட்டது. கிழக்குப் பாதி எங்களுடையது, மேற்குப் பாதி 'விவசாயி முறை'. அக்கா கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு நெல்லுக்குள் நடந்தார். அவர் கைவீச்சில் விதை சீராக விழுந்தது. நானும் ஆசைப்பட்டு ஒரு கூடை வாங்கிக்கொண்டு இறங்கினேன். மண் மெழுகுப் பதத்தில் இருந்தது, என் காலுக்கு அது தெரியவில்லை. வழுக்கி உட்கார்ந்த இடத்தில் என் உருவம் அப்படியே பதிந்திருக்கும். அக்கா சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து எழுந்தேன். மதியம் அவர் வீட்டில் சாப்பாடு, மொச்சைக் குழம்பு.

ஜனவரி 31

அறுவடை இயந்திரம் வந்து நெல்லை அறுத்துக்கொண்டு போனது. அடித்தாளுக்கு நடுவே உளுந்து முளை தெரிகிறது.

பிப்ரவரி 8

கேஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு வேளையும் மெஸ். அம்மா போனில் ஒரு பெண் வீட்டாரைப் பற்றிச் சொன்னார். பையனுக்கு வேலை நிரந்தரமா என்று கேட்டார்களாம். நிரந்தரம் மாதிரிதான் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

உளுந்து இரு பாதியிலும் அழகாக வந்திருக்கிறது. பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. கோதண்டபாணி சாரிடம் சொன்னேன். அவர் அதைக் கெட்ட செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 17

மஞ்சள் தேமல் வந்துவிட்டது. இலையில் அங்கங்கே மஞ்சள் திட்டு. வெள்ளை ஈ நோயை ஒரு செடியில் இருந்து எடுத்து அடுத்ததற்குக் கொண்டுபோகும். ஆரம்பத்திலேயே பிடுங்கிவிட்டால் கட்டுப்படும். விட்டால் வயல் முழுக்கப் பரவி, காயே பிடிக்காமல் போகும்.

நான் போனபோது அக்கா மேற்குப் பாதியில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். அந்தப் பாதியில் எதையும் தொடக்கூடாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வருடமும் அவர் செய்கிற வேலைதான் இது. மஞ்சள் கண்டால் பிடுங்கி வரப்பில் போட்டு எரிப்பார், வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்துத் தெளிப்பார். அந்த ஊரில் உளுந்து என்றால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். எங்கள் முறையில் பாதியை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு ஜனவரியிலேயே தெரியும். அறிக்கையில் அதற்கு இடமில்லை.

"மஞ்சளக் கண்ணுல பாத்துட்டு எப்படி தம்பி சும்மா போறது? கை தானா போவுதே."

இதுவும் உங்கள் முறைதான் என்று ஆகிவிட்டால், அந்தப் பாதிக்கும் இந்தப் பாதிக்கும் என்ன வித்தியாசம் தெரியும் என்று விளக்கினேன். அப்போதுதான் அதிகாரிகள் பார்த்து அசந்துபோவார்கள், உங்கள் ஐயாவும் பார்ப்பார் என்றேன். கடைசியாகச் சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொன்னதும்தான் அவர் வரப்பில் ஏறினார்.

பிப்ரவரி 19

மனது கேட்காமல் சாருக்குப் போன் செய்தேன். அந்த அம்மா வழக்கமாகப் பிடுங்குகிறவர், ஆகவே ஒன்றும் செய்யாமல் விடுவது அவருடைய முறையே இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். "சார், மேற்குப் பாதியில நோய் தெரியுது, பிடுங்கலாமா?" என்றுதான் வாயில் வந்தது.

ரொம்ப நல்லதாகப் போயிற்று, தொடாதே என்றார். குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

பிப்ரவரி 26

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு நான் இதற்கு வேறொரு கதை செய்துவிடுவேன்.

மேற்கு வரப்போரம் கிடந்த வைக்கோலைக் காலால் தள்ளினேன். அடியில் மஞ்சள் செடிகள், ஒரு கட்டு இருக்கும். அக்கா நான் இல்லாத நேரத்தில் பிடுங்கி, எனக்குத் தெரியாமல் மூடி வைத்திருக்கிறார். தன் வயலில் தான் வளர்த்த பயிரைக் காப்பாற்றுவதற்கு அவர் திருட்டுத்தனம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. திடல் கெட்டுப்போயிற்று, சாருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தலை சுற்றியது.

கிழக்குப் பாதியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். படித்துப் படித்துச் சொன்னேனே, ஒரு சின்ன விஷயம் உங்களுக்குப் புரியாதா, உங்களை நம்பித் திடல் கொடுத்தது என் தப்பு என்றெல்லாம் சொன்னேன். என்னைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கிளம்பும்போது, "மோர் இருக்கு தம்பி, குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவசரம் என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டேன். ஓர் அவசரமும் இல்லை. மெஸ்ஸில் போய் உட்கார்ந்து, சாப்பிடவும் முடியாமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 1

வண்டி பஞ்சர். நடந்து தள்ளிக்கொண்டு வந்ததில் சட்டை பூராவும் நனைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நேற்றும் இன்றும் நினைத்தேன். வண்டி சரியாகட்டும்.

மார்ச் 7

மேற்குப் பாதி முழுக்க மஞ்சள். சாலையில் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். வரப்புக்கு இந்தப்பக்கம் கரும்பச்சை. பூ கொட்டிக் கிடக்கிறது. இவ்வளவு சுத்தமான வித்தியாசத்தை எங்கள் நிலையத்தில் யாரும் எடுத்ததில்லை. படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரல் அனுப்பினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சந்தோஷம் வந்த பிறகுதான் வெட்கம் வந்தது.

அக்கா இப்போதெல்லாம் சாலை வழியாக வயலுக்கு வருவதில்லை. வாய்க்கால் கரையில் சுற்றிக்கொண்டு, கிழக்குப் பக்கமாக இறங்குகிறார். தூரம்தான், ஆனால் மேற்குப் பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. டீக்கடையில் யாரோ, பாக்கியத்துக்குக் கண் மங்கிவிட்டதா என்று கேட்டார்களாம். ஆபீசர் சொல்லித்தான் விட்டிருக்கிறேன் என்றாராம் இவர். எந்த ஆபீசராவது பயிரைச் சாகவிடச் சொல்வானா என்று சிரித்திருக்கிறார்கள். எனக்கு இதைச் சொன்னது களையெடுக்க வரும் ஒரு பெண். அக்கா என்னிடம் சொல்லவில்லை.

ஊரில் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். திடலை ஊருக்குக் காட்டும் வயல் விழாவில் எல்லோருக்கும் விளக்கிச் சொல்வோம் என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் 14

வயல் விழா வேலை. ஷாமியானா, நாற்காலி, மைக் செட், போண்டா, பொன்னாடை எல்லாம் சொல்லியாகிவிட்டது. நில உரிமையாளருக்கும் ஒரு பொன்னாடை போட வேண்டும் என்று சார் சொன்னதால் அம்பலவாணனுக்கு அழைப்பு அனுப்பினேன். அக்காவிடம் சொன்னபோது முகம் மலர்ந்தது. உடனே அந்த முகம் மேற்குப் பக்கம் திரும்பியது. "அன்னிக்கி நீங்க ஐயாகிட்ட எடுத்துச் சொல்லிடுவீங்கல்ல தம்பி?" என்று கேட்டார். சொல்லிவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

மாலையில் ஃப்ளெக்ஸ் கடையில் இரண்டு பலகைக்குக் கொடுத்தேன். வாசகம் போன வருட மாதிரிதான், பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் கணினியில் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார். எழுத்துப் பிழை பார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

மார்ச் 21

வயல் விழா நல்லபடியாக முடிந்தது. நல்ல கூட்டம். போண்டா பற்றாமல் போய்விட்டது.

மார்ச் 22

நேற்று எழுதியது உண்மைதான், ஆனால் அது சாருக்கு எழுதுகிற குறிப்பு மாதிரி இருக்கிறது.

கிழக்குப் பாதியில் வைத்த பலகை: 'மேம்பட்ட தொழில்நுட்பம்', கீழே எங்கள் நிலையத்தின் பெயர். மேற்குப் பாதியில் வைத்த பலகை: 'விவசாயி முறை. விவசாயி: க. தனபாக்கியம்'. கொட்டை எழுத்தில், சாலையில் இருந்தே படிக்கலாம். நான்தான் சரிபார்த்தேன்.

அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகளும் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பலகையை முதலில் படித்தது அந்தப் பெண்தான். அம்மாவின் கையைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னாள். அக்கா பலகையைப் பார்த்தார், பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் மைக் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வயர் சரியாகத்தான் இருந்தது.

கோதண்டபாணி சார் பேச எழுந்தார். கெட்ட மனிதர் அல்ல, மைக் கிடைத்தால் கொஞ்சம் நகைச்சுவை வரும். மேற்குப் பாதியைக் கை நீட்டிக் காட்டி, "நம்ம ஆளுங்க வெதைய வீசிட்டு வீட்டுல போய்ப் படுத்துக்குறாங்க. வெளைஞ்சா சாமி குடுத்தது, வெளையலன்னா அரசாங்கம் குடுக்கணும்" என்றார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் பெரிய அதிகாரிகள் சிரித்தார்கள். அம்பலவாணன் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலகையில் இருந்த பெயரை நிதானமாகப் படித்தார். அவருக்குப் பின்னால் பன்னீர் நின்றிருந்தார்.

அப்போதே நான் எழுந்து, இந்த அம்மா தூங்கவில்லை, நான்தான் தொடக்கூடாது என்று தடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கையில் பொன்னாடைத் தட்டு இருந்தது. தட்டு வைத்திருப்பவன் பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

பிறகு அக்காவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போட்டார்கள். படம் எடுக்க வந்தவர், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நில்லுங்கம்மா, வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்றார். நின்றார். தோளில் பொன்னாடை, பின்னால் செத்த பயிர், பக்கத்தில் அவருடைய பெயர். கொஞ்சம் சிரிங்கம்மா என்றதற்கு, அதையும் செய்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அம்பலவாணனிடம் போனேன். வணக்கம் சொன்னேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அதற்குமேல் பேச முடியவில்லை, சார் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர்கள் இருவரும் சாலையோர நிலத்தின் அருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே கார் வரை நடந்தார்கள்.

மார்ச் 23

படம் செய்தித்தாளில் வந்துவிட்டது. அம்மா நாமக்கல்லில் வாங்கிப் பார்த்தாராம். என் முகம் எங்கே என்று கேட்டார். நான் படத்தில் இல்லை என்றேன்.

மார்ச் 29

கொத்தங்காட்டுக்குப் போனேன். நிலையத்து டிரைவரும் கூட வந்தார். அக்கா டீ கொடுத்தார். "உக்காருங்க சார்" என்றார். டிரைவர் இருந்ததால் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

அன்று சொல்ல வாய்ப்பே அமையவில்லை அக்கா என்றேன். சரிங்க என்றார். பலகையின் வாசகம் பழைய மாதிரியில் இருந்து அப்படியே வந்துவிட்டது என்றேன். அதற்கும் சரிங்க என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 5

உளுந்து அறுவடை. செடிகளைப் பிடுங்கிக் களத்தில் காயவைத்து அடித்தார்கள். கிழக்குப் பாதியில் மூட்டைகள் வரிசையாக நின்றன. மேற்குப் பாதியில் கிடைத்தது ஒரு சாக்கின் அடியில் கிடந்தது, அதுவும் சப்பட்டை. அக்கா அதைத் தனியாகப் புடைத்தார். ஆட்டுக்காவது ஆகும் என்றார் பக்கத்தில் இருந்த பெண். அக்கா புடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்பலவாணன் போன் செய்தாராம், இந்தப் போகத்தோடு நிலத்தை விட்டுவிடச் சொல்லி. அக்கா இதை என்னிடம் சொன்னபோது முறத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏப்ரல் 6

நாளைக் காலை கும்பகோணம் போகிறேன். சாரிடம் சொல்லவில்லை, காய்ச்சல் என்று லீவு போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7

அம்பலவாணன் மரியாதையானவர். நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். வழி முழுக்க பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனதை நான் கடகடவென்று ஒப்பித்தேன். அந்த அம்மா நல்ல விவசாயி, தேமலைக் கண்டதும் பிடுங்கினார், நான்தான் தடுத்தேன், மறைவாகப் பிடுங்கியபோது திட்டினேன், பலகையில் எழுதியது பொய்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். "ஆராய்ச்சி பண்றாங்கன்னுதான் பாக்கியம் போன்ல சொன்னாங்க. பாதிய சாகவிடுவாங்கன்னு சொல்லலையே. என்னோட நெலத்துல பாதிய என்னைக் கேக்காம உங்ககிட்ட குடுத்துட்டாங்க, அப்படித்தானே?"

அப்படி இல்லை என்றேன். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. வங்கியில் கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி அமைதியாகப் பார்த்தார். பயிர் தெரியாதவர் என்றால்கூட மன்னிக்கலாம், தெரிந்தே விட்டிருக்கிறார் என்றால் எப்படி நம்புவது என்றார். என் உண்மை அக்காவை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டது.

அப்படியானால் பன்னீருக்குத்தான் விடப்போகிறீர்களா என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

"உங்களுக்குச் சொல்லலையா தம்பி? உங்க நிலையம்தான எடுத்துக்குது. மூணு வருசத்துக்கு. கோதண்டபாணி சார் அன்னிக்கே கார்கிட்ட பேசி முடிச்சிட்டாரு. உங்க பாதி அவ்வளவு ஜோரா இருந்துச்சே, அதப் பாத்துதான் சரின்னேன்."

காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18

ஒப்பந்தம் நீட்டித்துவிட்டார்கள். மூன்று வருடம், கொத்தங்காட்டு நிலத்தின் பொறுப்பாளர் நான்தான். சார் கை கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று சொல்வதைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. வேறு யாருக்கும் அதனால் பயனில்லை.

வயல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாக்கியம் அக்காவுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று சாரிடம் கேட்டு வாங்கினேன். அறைக்கு வரும் வழியில் ஏதோ நல்லது செய்துவிட்டதுபோல் லேசாக இருந்தது. படி ஏறும்போது புரிந்தது, அவருடைய வயலில் அவருக்கு நான் கூலி வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என் அப்பா எனக்குக் குணசீலன் என்று பெயர் வைத்தார். நல்லவேளை, அவர் இதையெல்லாம் பார்க்க இல்லை.

ஜனவரி 22

புது டைரி வாங்கவில்லை. இதிலேயே தாள் மிச்சம் இருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு எழுதப் பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

இந்த ஆண்டும் அதே வயல், அதே இரண்டு பாதி. பலகைக்குக் கொடுப்பதற்கு முன், பல நாள் தயங்கி, சாரின் அறைக்குப் போனேன். 'விவசாயி முறை' என்பதை மாற்றி, 'பராமரிப்பு செய்யாத பாதி, ஒப்பீட்டுக்காக நிலையம் விட்டது' என்று போடலாமா என்று கேட்டேன். யாருடைய பெயரும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் கணினியில் இருந்து தலையைத் திருப்பவில்லை. "மாத்திக்கோங்க குணா, அதுல என்ன இருக்கு" என்றார்.

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். போன வருடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். நான் கேட்கவேயில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. நானாகவே பயந்து, நானாகவே வாயை மூடிக்கொண்டு, ஒரு குடும்பத்தின் நிலத்தைப் போகவிட்டிருக்கிறேன். இவ்வளவு வெட்கம் எனக்கு அந்த வயல் விழாவன்றுகூட வரவில்லை.

பிப்ரவரி 20

மேற்குப் பாதியில் புது வாசகத்தோடு பலகை நட்டோம். நட்டது நானும் டிரைவரும். காசு மிச்சம் பிடிக்கச் சொன்னதால் சின்னப் பலகை. சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வயலைப் பார்த்து நின்றது.

களையெடுக்க வந்த பெண்களில் அக்காவும் இருந்தார். இளைத்திருந்தார். கிழக்குப் பாதியில் மற்றவர்களோடு வரிசையில் வந்தவர், பலகை தெரிகிற இடத்தில் நின்றார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக உதடசைத்துப் படித்தார். நான் வருகைப் பதிவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வரிசைக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்தப் போர்ட ரோட்டுப் பக்கமா திருப்பி வைக்கலாங்களா?"

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெதச்சிட்டுப் படுத்துட்டாள்னுதான் இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. போறவங்க வரவங்க இதப் படிச்சா, போன வருசமும் இப்படித்தான் இருந்திருக்கும்னு நாலு பேராவது நெனப்பாங்கல்ல."

டிரைவரைக் கூப்பிடாமல் நானே பலகையைப் பிடுங்கினேன். புதுக் குழி தோண்டுவதற்குள் அவர் தன் களைக்கொத்தோடு வந்து மண்ணைக் கிளறிக் கொடுத்தார். கம்பை இறக்கினேன். அவர் சாலைக்கு ஏறிப் போய், பேருந்து நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, கண்மேல் கையை வைத்துப் பார்த்தார். அங்கிருந்து படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், எழுத்து அவ்வளவு சிறியது. அவர் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"தெரியல சார். இன்னும் கொஞ்சம் திருப்புங்க."